உடப்புசல்லாவைக்குப் போகாத ரயில்

நானுஓயாவிலிருந்து ஒரு காலத்தில் ஒரு சின்ன ரயில் புறப்பட்டது. இரண்டடி ஆறங்குல அகலமுள்ள குறுகிய தண்டவாளத்தில், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, நுவரெலியாவைத் தொட்டு, கந்தப்பளையைத் தாண்டி, புரூக்சைட் வழியாக இராகலைக்கு வந்து நின்றது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறந்து வைக்கப்பட்ட அந்தப் பாதைக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'உடப்புசல்லாவைப் பாதை'. ஆனால் ரயில் ஒரு நாளாவது உடப்புசல்லாவையைக் கண்டதில்லை. இராகலையோடு தண்டவாளம் முடிந்தது. தேயிலைப் பெட்டிகளை மாட்டு வண்டியிலும் பின்னாளில் லொறியிலும் இராகலைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர்கள் தோட்டத்து மனிதர்களே. லொறிப் போட்டியைத் தாங்க முடியாமல் 1940களில் அந்தப் பாதையும் மூடப்பட்டுவிட்டது.

பெயரில் ஊர் இருக்கும். ஆனால் வந்து சேராது. அந்த ரயிலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நமக்கு இன்னொன்றும் கூடவே நினைவுக்கு வரும். அதுதான் உள்ளூராட்சி. இன்று உடப்புசல்லாவைப் பகுதி வலப்பனைப் பிரதேச சபைக்கு உட்பட்டது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கிராமமும் தோட்டமும் ஒரே எல்லைக் கோட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். ஆனால் தேயிலை மலையில் லயக் காம்பராக்களில் இருந்தவர்களிடம் சபை வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. ஏன் பிடித்தது, வழியில் யார் யார் மறித்தார்கள் என்பதையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

மத்திய அரசு உள்ளூர்ச் சபைகளின் அதிகாரத்தைப் பறிக்கிறது என்ற முறைப்பாடு உலகெங்கும் உண்டு. மலையகத்தில் அந்தக் கதைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே சபையின் கையைக் கட்டியவர் இருவர். கொழும்பிலிருந்த அரசு ஒருவர். தோட்டத்துக்குள்ளேயே இருந்த துரை மற்றவர். இருவரும் ஒருவருக்கொருவர் செய்த ஒத்தாசையைப் புரிந்துகொள்ளாமல் இந்த வரலாறு பிடிபடாது.

கதையைக் கிராமத்திலிருந்து தொடங்குவோம். கண்டி இராச்சியத்தில் 'கம்சபாவ' என்றொரு அமைப்பு இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் மர நிழலிலோ அம்பலத்திலோ கூடி, வாய்க்கால் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, யாருடைய மாடு யாருடைய வயலை மேய்ந்தது, வரப்பை யார் வெட்டினார் என்பவற்றைப் பேசித் தீர்த்தார்கள். 1815இல் கண்டி வீழ்ந்த பிறகு வெள்ளைக்கார நிருவாகம் இதைக் கண்டுகொள்ளவில்லை. அணைக்கட்டுகள் உடைந்தன, தண்ணீருக்காகத் தலைகளும் உடைந்தன. நீதிமன்றத்துக்குப் போனால் வயல் விலையைவிட வழக்குச் செலவு கூடியது. கடைசியில் 1856இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஒன்று வந்து, பழைய ஊர் வழக்கத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. 1871இல் கிராமச் சபைகளையும் கிராம நீதி மன்றங்களையும் அமைக்க இன்னொரு சட்டம் வந்தது. ஊராரின் கையிலிருந்த சாமானை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நாற்பது வருஷம் கழித்துத் தங்கள் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்ததும் முழுமையாகவா? 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் அரசாங்க அதிபரின் நிழல் கிராமச் சபைமீது விழுந்தே கிடந்தது.

அந்தச் சபை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு வலப்பனையே சாட்சி. நெல் வயலுக்கு அரசாங்கம் தானிய வரி அறவிட்ட காலம் அது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, கோப்பித் தோட்டங்களை அண்டிக் கிடைத்த சில்லறைக் காசும் வற்றிப்போன 1880களில், வலப்பனை, உடஹேவாஹெட்ட பகுதிகளின் கிராமத்தவர்களால் அந்த வரியைப் பணமாகக் கட்ட முடியவில்லை. வயல்கள் ஏலத்துக்கு வந்தன. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டன. பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. இதை வெளியுலகுக்குச் சொன்னவர், வேடிக்கையாக, அதே அரசாங்கத்தின் நுவரெலியா உதவி அதிபர் லெமெசூரியர் என்பவர்தான். கொழும்பில் ஜோர்ஜ் வோல் போன்றோர் அதைப் பெரிய விவாதமாக்கினார்கள். 1892இல் தானிய வரி ஒழிக்கப்பட்டது. கிராமச் சபைகள் சட்டப்படி அமைந்திருந்த காலத்திலேயே இவ்வளவும் நடந்தது. ஆனால் வரி விடயத்தில் வாய் திறக்க அவற்றுக்கு அதிகாரம் ஏது? வாய்க்காலைத் துப்புரவாக்கலாம், வயலையே ஏலம் போடும்போது பார்த்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும்.

மலையகத் தமிழர் நம் துயரத்தைப் பேசும்போது பக்கத்துக் கிராமத்தின் இந்தத் துயரத்தையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தவரின் சேனை நிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அரசாங்கத்தின் பேருக்கு மாற்றியது. அங்கிருந்து அவை தோட்டக்காரர்களிடம் போயின. அந்த மண்ணில் வேலை செய்யத்தான் நம் முன்னோர் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியாக நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். காணியை இழந்தவரும் காணியே இல்லாமல் வந்தவரும் ஒரே மலையின் மேலும் கீழுமாக வாழத் தலைப்பட்டார்கள். ஒருவரை மற்றவரின் கண்ணில் எதிரியாகக் காட்டுவது பின்வந்த அரசியல்காரர்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு. அங்கே துரைதான் எல்லாம். குடி தண்ணீர்ப் பீலி துரை போட்டது. வீதி துரை வெட்டியது. பிள்ளைக் காம்பரா, மருந்துக் காம்பரா, கக்கூஸ் எல்லாம் துரை கட்டிக் கொடுத்தவை. பிறப்பும் இறப்பும் அவரது கந்தோர் மூலமே பதிவுக்குப் போயின. ஊரிலிருந்து வரும் கடிதமும் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். தப்பால்காரன் அங்கிருந்து கொண்டு வந்தால் உண்டு. லயத்து மனிதனுக்குத் தெரு இல்லை, வீட்டு இலக்கம் இல்லை. ஒரு நகர சபை செய்ய வேண்டிய அத்தனையையும் ஒரு தனி மனிதர், யாருடைய வாக்கும் கேளாமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல் செய்துகொண்டிருந்தார். நல்ல துரையும் இருந்திருப்பார், கெட்ட துரையும் இருந்திருப்பார். ஆனால் நல்ல துரையிடம் கேட்டு வாங்கியதும் சலுகையே தவிர உரிமையாகிவிடாது.

இனி 1937க்கு வருவோம். இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

டொனமூர் அரசியல் அமைப்பின் கீழ் அப்போது உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. கிராமச் சபைகளை அரசாங்க அதிபரின் பிடியிலிருந்து விடுவித்து, ஊரார் வாக்களித்துத் தெரிவு செய்யும் உயிருள்ள சபைகளாக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அது மெச்சத்தக்க எண்ணம் என்பதை மறுப்பதற்கில்லை. உள்ளூராட்சியின் அதிகாரத்தை அரசின் தலையீட்டிலிருந்து காப்பாற்ற இந்நாட்டில் நடந்த முக்கியமான முயற்சிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அதே கையால் அவர் இன்னொன்றையும் செய்தார். பழைய சட்டத்தின்படி கிராமச் சபை வாக்குரிமை மூன்று சாராருக்கு இருக்கவில்லை: ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தோட்டத் தொழிலாளர். புதிய திருத்தம் முதல் இரு சாராருக்கும் கதவைத் திறந்தது. மூன்றாமவரை வெளியே நிறுத்தியது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களைக் கவனியுங்கள். தோட்டத் தொழிலாளர் கிராம வரி கட்டுவதில்லை. அவர்களுக்கு வேண்டியதைத் தோட்டமே செய்து கொடுக்கிறது. அவர்களுக்கு வாக்களித்தால், பக்கத்தில் இருக்கிற சின்னக் கிராமம் எண்ணிக்கையில் அமிழ்ந்துபோகும்; துரை சொல்கிற பக்கம் அத்தனை வாக்கும் விழும். இந்தக் கடைசி வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரே முதலாளியின் கூரைக்குக் கீழ், அவர் தயவில் வாழ்கிறவனுடைய வாக்கு எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பரிகாரம் தொழிலாளியைத் துரையின் தயவிலிருந்து விடுவிப்பதல்லவா? நோயாளியின் கையில் நோய் இருக்கிறதென்று கையையே வெட்டியது போலாயிற்று.

இந்திய அரசாங்கம் இதை இன பேதமென்று கண்டித்தது. அரசாங்க சபையில் ஹட்டன் பிரதிநிதியாகக் கோ. நடேசய்யர் இருந்த காலம் அது. எதிர்ப்பு வலுத்தபோது சட்டத்தின் வாசகம் மாற்றப்பட்டது. 'இந்தியத் தொழிலாளர்' என்ற சொல் போய், எந்த இனத்தவராயினும் 'தோட்டத்தில் வதியும் தொழிலாளர்' விலக்கப்படுவர் என்றாயிற்று. 1938இல் சட்டம் நிறைவேறியது. தோட்டத்தில் வதிந்த தொழிலாளர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். சொல்லில் இருந்த பேதம் நீங்கிற்று. செயலில் இருந்த பேதம் அப்படியே நின்றது. அதில் இன்னுமொரு விநோதம். ஒரே ஊரிலிருந்து, ஒரே கப்பலில் வந்த இருவரில், பஜாரில் கடை வைத்திருந்தவர் கிராமச் சபைக்கு வாக்களிக்கத் தகுதி பெறலாம். தோட்டத்து லயத்தில் படுத்து எழுந்தவரால் முடியாது. படுக்கிற இடம் மனிதனின் உரிமையைத் தீர்மானித்தது.

இலக்கிய அன்பர்களுக்கு இந்த இடத்தில் உத்தரமேரூர் நினைவுக்கு வரக்கூடும். குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அந்த இரு கல்வெட்டுகளும் நமக்குப் பெருமை தருபவையே. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று விதித்தார்கள். இன்றைய சபைகள் சிலவற்றின் வாசலில் அதை எழுதி ஒட்டலாம். ஆனால் பெருமை பேசுகிற நாம் இரண்டு சங்கதிகளைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒன்று, அந்த விதிகளை ஊர்ச் சபை செய்தபோது அரசனுடைய ஆணையும் வந்திருந்தது, அரசனுடைய அதிகாரியும் கூடவே அமர்ந்திருந்தார். கல்வெட்டே அதைச் சொல்கிறது. இரண்டு, வாரியத்துக்கு வர விரும்புகிறவன் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவனாகவும், தன் சொந்த மனையில் வீடு கட்டி இருப்பவனாகவும் இருக்க வேண்டும். பிராமண சபை ஆகையால் வேதக் கல்வியும் வேண்டும்.

சொந்த மனையில் சொந்த வீடு! ஆயிரம் ஆண்டு கழித்து, கடல் கடந்து, சோழ நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் போன கூலிச் சனத்தை வேறொரு சபையின் வாசலில் நிறுத்தி வைத்ததும் அதே நிபந்தனைதான். குடவோலை எடுத்த ஊரிலும் நம் முப்பாட்டனாருக்கு ஓலை இருந்திருக்காது. பழம்பெருமை பேசும்போது இதையும் ஓரத்தில் குறித்து வைப்போம்.

1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அரசாங்க வேலையிலிருந்த இந்திய நாட்கூலிகளை வெளியேற்றும் முடிவே அந்த வருகைக்கு உடனடிக் காரணம். ஆனால் கிராமச் சபை வாக்குரிமை மறுப்பின் வடு அப்போது ஆறியிருக்கவில்லை. ஜூலை 25ஆம் திகதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதன் பின் நடந்தவை நம் நேயர்கள் பலருக்கும் மனப்பாடம். 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் பாராளுமன்ற வாக்குரிமை போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கு போட்டது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி 1974இல் முடிவாயிற்று. இவற்றையெல்லாம் பேசும் வரலாற்று நூல்களில் 1938ஆம் ஆண்டுக் கிராமச் சபைச் சட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பந்தி. பாராளுமன்ற வாக்குரிமை பறிபோவதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்பே ஒத்திகை கிராமச் சபையில் நடந்து முடிந்துவிட்டது என்பது நம் கருத்து. ஒருவனை ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசவிடாமல் செய்து பழகிய பிறகு, நாட்டைப் பற்றிப் பேசவிடாமல் செய்வது எளிது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. துரை போய்விட்டார் என்று சிலர் மகிழ்ந்தார்கள். துரை போகவில்லை, அரசாங்கமே துரையாயிற்று. ஜனவசம என்றும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் இரண்டு பெயர்களில் வந்தது. 'தோட்டம் தனியார் சொத்து, சபை உள்ளே வர முடியாது' என்ற பழைய வாதத்துக்கு அந்த நாளோடு உயிர் போயிருக்க வேண்டும். நிலமும் அரசினுடையது, சபையும் அரச சட்டத்தின் பிள்ளை. ஆனாலும் வேலி விழவில்லை. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது, நிலம் அரசிடமும் குத்தகை கம்பனியிடமுமாக, வேலிக்கு இரண்டு காவல்காரர் கிடைத்தார்கள்.

இதற்கிடையில் கிராமத்தின் பக்கம் என்ன நடந்தது? தேயிலை மலைக்கு வெளியே இருந்த சபைகள் சும்மா இருக்கவில்லை. வாசிகசாலைகள் திறந்தன, சந்தைகள் கட்டின, கிராமப் பாதைகளைச் செப்பனிட்டன. இலங்கையில் எழுத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் எத்தனையோ பேரின் முதல் நூலகம் ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் வாசிகசாலையாகத்தான் இருந்திருக்கும். 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஒரு மாநகர சபையின் நூலகமே. அதே 1981இல், ஜூலை மாதம் முதலாம் திகதியோடு, நாடெங்கும் இருந்த 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் ஒரே சட்டத்தால் இல்லாமல் ஆக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒன்றாக அபிவிருத்திச் சபைகள் அந்த இடத்துக்கு வந்தன. ஊருக்கு ஊர் இருந்த சபை மாவட்டத் தலைநகரத்துக்குப் போய்விட்டது. வாய்க்காலைப் பற்றிப் பேச வலப்பனை விவசாயி நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டும்.

அந்தப் பறிப்பு எவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கிராமத்தார் முணுமுணுத்தார்கள். தோட்டத்தார் முணுமுணுக்கவும் இல்லை. எதற்காக முணுமுணுக்க வேண்டும்? இல்லாமல் போன சபை அவர்களுக்கு எந்நாளும் இருந்ததில்லையே. வாக்களிக்காத, வரி கொடுக்காத, ஒரு பீலிகூட வாங்காத சபையை யார் எடுத்துப் போனால் என்ன? 1938இல் தோட்டத்தாரை வெளியே நிறுத்தியவர்கள், கிராமச் சபையைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார்கள். சபைக்கு ஆபத்து வந்த நாளில் அதற்காகக் குரல் கொடுத்திருக்கக் கூடிய ஒரு பெருங்கூட்டத்தை அவர்கள் தாங்களே வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

சபையின் அதிகாரம் ஒரு நாளில் சட்டத்தால் போவது ஒரு வகை. துண்டு துண்டாகப் போவது இன்னொரு வகை; இதில் வலி தெரியாது. குடி தண்ணீர் உள்ளூராட்சியின் பொறுப்பாக இருந்தது. 1975இல் தேசிய நீர் வழங்கல் சபை வந்தது. பல நகரங்களில் மின் விநியோகத்தை உள்ளூராட்சி மன்றங்களே நடத்தின. 1983இல் தனிக் கம்பனி அமைத்து அதை எடுத்தார்கள். 1974 முதல் பாராளுமன்ற உறுப்பினருக்குப் பன்முகப்படுத்தப்பட்ட நிதி கிடைத்தது. அதன் பின் கிராமத்து மதகு கட்ட ஆள் தேடுகிறவர்கள் சபைத் தலைவரிடம் போகாமல் எம்.பி.யின் வீட்டு வாசலில் நின்றார்கள். எம்.பி. கட்டிக் கொடுத்த மதகுக்கு அவருடைய பெயர்ப் பலகை. சபை கட்டியிருந்தால் அது வரிக்குக் கிடைத்த மதகு; யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை.

1987இல் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் உள்ளூராட்சியை மாகாணத்தின் விடயமாக்கியது. அதில் ஒரு வாசகம் நம் கவனத்துக்குரியது. மாகாண சபை உள்ளூராட்சி மன்றங்களுக்கு மேலதிக அதிகாரம் கொடுக்கலாம். இருக்கிற அதிகாரத்தை எடுக்க முடியாது. கொடுக்க மட்டுமே திறக்கும் கதவு. எழுதியவரை வாழ்த்தலாம். அதே ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உண்டாக்கியது. சுகாதாரம், பொது வசதிகள், பாதைகள் என்பன அவற்றின் கடமை என்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது. 1991 மே மாதம் பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தபோது, தோட்டத்துத் தமிழர் வாக்களித்தார்கள், உறுப்பினரானார்கள், சில சபைகளில் தவிசாளர் ஆசனத்திலும் அமர்ந்தார்கள்.

அமர்ந்த பிறகுதான் தெரிந்தது, 33ஆம் பிரிவு என்ற ஒன்று அந்தச் சட்டத்தில் இருப்பது. மலையகத்தில் இந்த இலக்கத்தை அறியாத அரசியல் தொண்டர் இருக்க மாட்டார். தோட்டத்துக்குள்ளே பாதை, கிணறு போன்ற பொது வசதிகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட முடியாது என்பதே அந்தப் பிரிவுக்குச் சொல்லப்பட்டு வந்த வியாக்கியானம். அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து வாக்கினால் தெரிவான உறுப்பினர், தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர், சபைக் கூட்டத்துக்குப் போய்க் கிராமத்துப் பாதைக்குக் கை உயர்த்திவிட்டு, உடைந்துபோன தோட்டத்துப் பாதை வழியாகவே வீடு திரும்ப வேண்டும். மீறிச் செலவிட்டால் கணக்காய்வில் மாட்டும். சட்டவிரோதச் செலவைச் செய்தவரிடமே அறவிடவும் சட்டத்தில் இடமுண்டு. அச்சம் யாரைத்தான் விட்டது? கம்பனி நிருவாகத்தின் சம்மதக் கடிதம் வாங்கி, சந்து பொந்து வழியாக ஏதோ சில வேலைகளைச் செய்தவர்களும் உண்டு. மக்கள் தெரிவு செய்த சபை, மக்கள் தெரிவு செய்யாத தோட்ட முகாமையாளரின் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. வாக்குரிமை 1938இல் மறுக்கப்பட்டது. அது கிடைத்தபோது வாக்கின் பயன் மறுக்கப்பட்டது.

சபைகளின் பருமனையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். நாட்டின் வேறு பகுதிகளில் அதில் ஒரு சிறு பங்கு சனத்தொகைக்கே தனிச் சபை உண்டு. நீண்ட காலக் கோரிக்கைக்குப் பிறகு இவ்விரு பிரதேச சபைகளும் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டன. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்ற புதிய சபைகள் அப்படி வந்தவை. 2018 பெப்ரவரித் தேர்தலில் அவற்றுக்கும் உறுப்பினர்கள் தெரிவானார்கள். வலப்பனை சபை பிரிபடாமல் ஒன்றாகவே நின்றது.

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாராளுமன்றம் 33ஆம் பிரிவைத் திருத்தியது. தோட்டங்களிலும் சபை நிதியைச் செலவிட வழி பிறந்தது. 1938இல் விழுந்த முடிச்சு அவிழ எண்பது வருஷம் ஆயிற்று. சட்டம் திறந்த கதவு வழியாகப் பணம் உடனே பாய்ந்துவிடவில்லை. சபையின் வருமானம் சொற்பம். ஏக்கர் வரியும் ஆதன வரியும் சந்தைக் குத்தகையும் சேர்ந்து எத்தனை மலைப் பாதைகளைப் போட முடியும்? ஊழியர் சம்பளத்துக்கே சபைகள் மாகாணத்தையும், மாகாணம் கொழும்பையும் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை. தோட்டங்களில் 2015க்குப் பிறகு ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்தாலும், லயக் காம்பராவே கதி என்று இருப்போர் தொகை இன்னும் பெரிது. உத்தரமேரூர் கேட்ட 'சொந்த மனை' அவர்களுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

பிறகு வந்தது 2023. அந்த ஆண்டு மார்ச் மாதம் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிவடைய இருந்தது. மார்ச் 9ஆம் திகதி தேர்தல் என்று அறிவித்தார்கள். எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் பெயர் கொடுத்தார்கள். அப்போது திறைசேரி, தேர்தலுக்குக் காசில்லை என்றது. நாடு வங்குரோத்தாகிக் கிடந்தது உண்மை. ஆனால் காசில்லை என்ற காரணத்தால் வாக்கையே ஒத்திவைக்கலாம் என்றால், இனி எந்த அரசாங்கத்துக்குத்தான் தோல்வி பயம் வரும் ஆண்டில் காசு இருக்கும்? சபைகள் கலைந்தன. தவிசாளரின் கதிரையில் செயலாளர்கள் அமர்ந்தார்கள். நாற்பது ஆண்டு, ஐம்பது ஆண்டு அல்ல, 1889ஆம் ஆண்டுக்கே திரும்பிப் போனது போலிருந்தது: கிராமத்தின் காரியத்தைத் தெரிவு செய்யப்படாத உத்தியோகத்தர் பார்த்துக்கொள்வார். சபைகளை மேற்பார்வை செய்ய வேண்டிய மத்திய மாகாண சபையும் அப்போது இல்லை. 2013இல் தெரிவான அந்தச் சபை 2018இல் காலாவதியானது. அதன் இடத்தில் ஆளுநர் இருந்தார்.

இம்முறை முணுமுணுப்பு தோட்டத்துக்குள்ளிருந்தும் கேட்டது. 1981க்கும் 2023க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களில் தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் இருந்தார்கள். பாதி போட்டு நின்ற படிக்கட்டைப் பற்றி, வராத குப்பை லொறியைப் பற்றி யாரிடம் கேட்பது என்று லயத்து வாசலில் கேள்வி எழுந்தது. கேள்வி எழுந்ததே பெரிய காரியம். பாட்டன் காலத்தில் அந்தக் கேள்விக்குத் துரையைத் தவிர முகவரி இருந்ததில்லை.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலை நடத்தாமல் விட்டதன் மூலம் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றும், நிதி அமைச்சராகவும் இருந்த அப்போதைய ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் அதற்குப் பொறுப்பு என்றும், கூடிய விரைவில் தேர்தலை நடத்த வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னது. ஊர்ச் சபைக்கு வாக்களிப்பது அரசாங்கம் நேரம் கிடைத்தால் தரும் தருமம் என்ற எண்ணத்துக்கு அது ஓர் அடி. பழைய வேட்புமனுக்கள் சட்டத்தால் இரத்தாகி, புதியவை கோரப்பட்டு, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது.

அன்று வலப்பனைப் பிரதேச சபைக்காகக் கிராமமும் வாக்களித்தது, தோட்டமும் வாக்களித்தது. 1880களில் வயலை ஏலத்தில் இழந்தவர்களின் கொள்ளுப் பேரர்களும், 1938இல் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரர்களும் ஒரே சபையின் வாக்குச் சீட்டைக் கையில் வாங்கினார்கள். இராகலையில் நின்றுபோன தண்டவாளத்துக்கு அப்பால், உடப்புசல்லாவையிலும்.